வேலிக்கு அங்கால கேட்கிற சத்தம்



போயா லீவுக்கு ‘உடான்’ என்ற ஹிந்திப் படம் பார்த்தேன். 2010இல் வந்தது. விக்ரமாதித்ய மோத்வானேயின் முதல் படம். பெரிய நட்சத்திரங்கள் இல்லை. ஆனாலும் அந்த வருடமே கேன்ஸ் விழா வரை போனது.

17 வயது ரோஹனை சிம்லா விடுதிப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கிவிடுகிறார்கள். 8 வருடமாக ஒருதரமும் வந்து பார்க்காத தகப்பனிடம் ஜாம்ஷெட்பூருக்குத் திரும்புகிறான். அங்கே 6 வயதில் ஒரு தம்பி இருப்பதே அப்போதுதான் தெரிகிறது. பெடியனுக்குக் கவிதை எழுத விருப்பம். தகப்பனோ பொறியியல் படிப்பு, இரும்பு ஆலை வேலை என்று நிற்கிறார். அடியும் உண்டு. கடைசியில் ரோஹன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறான்.

கூட இருந்து பார்த்த ஒருவர், “பெத்த தகப்பனை விட்டிட்டு ஓடுறதை நல்லதெண்டு காட்டுறாங்களே” என்றார். எனக்கு மனதில் நின்றது தகப்பனின் சகோதரர்தான். நல்ல மனிதர், பிள்ளைகளில் அன்பானவர். அந்த வீட்டில் நடப்பது அவருக்குத் தெரியும். ஆனால் தடுக்க அவரால் முடியவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. முன்பு படிப்பித்த ஓர் ஊரில், தரம் 10 பெடியன் ஒருவன் இரண்டு நாள் காணாமல் போனான். திரும்பி வந்தவனிடம் நான் முதலில் கேட்டது, “வீட்டு மானத்தை யோசிச்சியா?” என்று. அவன் வாய் திறக்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டு அம்மா சொன்னா, “ஒவ்வொரு இரவும் அடிச் சத்தம் கேக்கும் ரீச்சர்.” அவன் கையில் தழும்பை நானும் கண்டிருந்தேன். கேட்கவில்லை.

எங்கள் அனலைதீவில் யார் வீட்டில் என்ன கறி என்பது பின்னேரத்துக்குள் தெரிந்துவிடும். காலை வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குப் போனவர் யார் என்பதும் தெரியும். அடி விழுகிற வீடு மட்டும் தெரியாமலா இருக்கும்? தெரியும். “அது அவையின்ர குடும்ப விசயம்” என்று வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறோம். “அடியாத மாடு படியாது” என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். பிள்ளை மாடு இல்லை.

தகப்பனோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையை ஒரு பின்னேரம் கூப்பிட்டு, ஒரு தேத்தண்ணி கொடுத்து, பேசவிட்டுக் கேளுங்கள். நிலைமை மோசமென்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு எடுங்கள். காசு போகாது.

பிள்ளை வள்ளம் ஏறின பிறகு ஊரே ஜெட்டியில் நின்று தேடுவதில் என்ன பயன்? ஏறுவதற்கு முதல் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும்.