சீரியல் நம்பர் பிறப்புச் சான்றிதழ் அல்ல

1/ பழைய அமெரிக்க சைக்கிள் வாங்குறவங்க, விற்கிறவங்க, ஃபிரேம் நம்பரை மட்டும் போட்டோ எடுத்து "டாக்டர், இது எந்த வருஷம்?" என்று அனுப்புறவங்க, எல்லாருக்குமான பதிவு இது. நீளமான பதிவு. கொஞ்சம் கோபமும் உண்டு. பொறுமை இருப்பவர்கள் தொடருங்கள்.

2/ விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். ஃபிரேமில் அடித்த நம்பரை மட்டும் வைத்து "1951, ஒரிஜினல்" என்று அடித்துச் சொல்பவர் ஊகிக்கிறார். அந்த ஊகத்தை நம்பி நீங்க காசு கொடுக்கறீங்க. அதைவிட மோசம், நம்பர் தெரியணும்னு வீட்டுக்குள்ள உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறீங்க. ஒரு டாக்டர் இதில் ஏன் தலையிடுகிறான் என்பதற்குக் காரணம் இந்த இரண்டாவது விஷயம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

3/ காருக்கு இருப்பது போல சைக்கிளுக்கும் நாடு முழுக்க ஒரே நம்பர் முறை இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி முறை வேறு. ஒரே கம்பெனியிலேயே காலத்துக்குக் காலம் வேறு. தயாரித்த மாதமும் வருஷமும் தெரியும்படி ஃபிரேமில் ஒரு குறி இருக்கணும் என்று அமெரிக்க மத்திய விதி வந்ததே 1976ல்தான். அதிலும் அந்தக் குறியைத் தயாரிப்பாளர் படிக்க முடிந்தால் போதும். நீங்களும் நானும் படிக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

4/ அப்போ 1976க்கு முந்தைய நம்பர்கள் எதற்கு? கம்பெனி தன் கணக்குக்காக அடித்துக்கொண்டது. கணக்குப் புத்தகம் இருக்கும் வரைக்கும்தான் அதற்கு அர்த்தம். புத்தகம் போச்சுன்னா, அது வெறும் நம்பர்.

5/ புத்தகம் போகவும் செய்தது. சிகாகோவின் ஷ்வின் கம்பெனி 1895ல் தொடங்கியது. அதன் 1948க்கு முந்தைய நம்பர் பதிவேடுகள் தீயில் எரிந்து போயின. இன்று "1939 ஷ்வின், நம்பரை வச்சு உறுதி செய்யப்பட்டது" என்று விளம்பரம் போடுபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பதிவேட்டை வச்சு உறுதி செஞ்சீங்க சார்?

6/ சேகரிப்பாளர்கள் பல வருஷமாக சைக்கிள்களை ஒப்பிட்டுத் தோராயமான பட்டியல்கள் தயாரித்திருக்கிறார்கள். அருமையான உழைப்பு, மரியாதை உண்டு. ஆனால் தோராயம் தோராயம்தான். அதை வாங்கி "உறுதி" என்ற முத்திரை குத்தி விற்பதுதான் என் சண்டை.

7/ நம்பர் எங்கே அடிக்கப்பட்டிருக்கு என்பதும் முக்கியம். ஷ்வினில் 1952க்கு முன் பெடல் அச்சு நுழையும் கூட்டின் அடியில். அதற்குப் பிறகு பின்சக்கர அச்சு உட்காரும் இடத்தில், இடது பக்கம். 1970 வாக்கில் ஹேண்டில்பார் இறங்கும் முன்குழாய்க்கு மாறியது. எங்கே இருந்தது என்று சொல்லாமல் நம்பரை மட்டும் அனுப்பினால், எந்தக் காலத்துப் பட்டியலைப் பார்க்கணும்னே தெரியாது.

8/ "1965க்குப் பிறகு தெளிவா இருக்கே டாக்டர்?" ஆமாம், இருக்கு. முதல் எழுத்து மாதம்: ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, நடுவில் ஐ மட்டும் கிடையாது, எம் என்றால் டிசம்பர். இரண்டாவது எழுத்து வருஷம்: ஏ என்றால் 1965, பி என்றால் 1966. நம்பர் "சி ஈ" என்று தொடங்கினால் மார்ச் 1969. அழகான முறை.

9/ ஆனா எதோட மார்ச் 1969? அங்கேதான் கோட்டை விடறீங்க. அது அந்த இரும்புத் துண்டில் நம்பர் அடித்த மாதம். துண்டுகளில் முன்கூட்டியே நம்பர் அடித்துப் பெட்டியில் போட்டு வைப்பார்கள். கைக்கு வந்ததை எடுத்துப் பற்றவைப்பார்கள். முதலில் அடித்தது முதலில் போகணும்னு இல்லை. சைக்கிள் முழுசாகத் தயாரான நாள் வேறு.

10/ தயாரான நாள் வேணுமா? 1970களின் பிற்பாதி ஷ்வின்களில் முன்குழாயில் உள்ள பேட்ஜைப் பாருங்கள், நான்கு இலக்கம் இருக்கும். முதல் மூன்று வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது, கடைசி இலக்கம் வருஷம். 2578 என்றால் 257வது நாள், 8ல் முடியும் வருஷம். 1978 என்று எடுத்தால் செப்டம்பர் 14. இப்போ ஃபிரேம் நம்பரையும் இதையும் சேர்த்துப் பாருங்க. மாதம் ஒத்துப்போகலைன்னா உடனே போலின்னு கத்தாதீங்க. பேட்ஜும் திருகில்தான் நிற்குது, கழற்றி மாட்டலாம் என்பதையும் மறக்காதீங்க.

11/ அடுத்தது பணம். ஷ்வினின் ஸ்டிங்-ரே 1963ல் வந்தது. 1968ல் அதே குடும்பத்தில் ஆரஞ்ச் க்ரேட் முதலிய க்ரேட் மாடல்கள். முன்சக்கரம் 16 அங்குலம், பின்சக்கரம் 20 அங்குலம், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க். இன்று சாதாரண ஸ்டிங்-ரேவுக்கும் க்ரேட்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

12/ ஒருத்தர் என்ன செய்வார்? 1969 சாதாரண ஸ்டிங்-ரே ஃபிரேம் வாங்குவார். புதிதாகச் செய்த க்ரேட் பாகங்களைப் பூட்டுவார். பெயின்ட் அடிப்பார். "நம்பரைச் சரிபாருங்க, 1969தான்" என்பார். பொய்யே சொல்லலை பாருங்க! நம்பர் 1969தான். ஷ்வின் நம்பரில் மாடல் பெயர் கிடையாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்.

13/ அதனால் ஒன்றை மனதில் வையுங்கள். நம்பர் "இல்லை" என்று சொன்னால் நம்புங்கள். "ஆமாம்" என்று சொன்னால் இன்னொரு சாட்சி கேளுங்கள். கிரே கோஸ்ட் மாடல் 1971க்கு மட்டும் வந்தது. மார்ச் 1969 நம்பர் உள்ள ஃபிரேமை கிரே கோஸ்ட் என்று விற்றால் அது பொய், முடிஞ்சது கதை. ஆனால் 1971 நம்பர் இருப்பதால் மட்டும் அது கிரே கோஸ்ட் ஆகிவிடாது.

14/ அரசு மருத்துவமனை டாக்டர்கள் நீதிமன்றத்துக்கு வயது நிர்ணயச் சான்று கொடுப்பது உங்களுக்குத் தெரியும். உடல் வளர்ச்சி பார்ப்போம், பல் பார்ப்போம், எலும்பு எக்ஸ்ரே பார்ப்போம். மூன்றையும் சேர்த்து "இந்த வயதுக்கு மேல், இந்த வயதுக்குள்" என்று எழுதுவோம். எக்ஸ்ரே ஒன்றை மட்டும் பார்த்துப் பிறந்த தேதி எழுதிக் கொடுத்தால் வக்கீல் குறுக்கு விசாரணையில் தோலை உரித்துவிடுவார். இரும்புக்கும் அதே நியாயம்தான்.

15/ சைக்கிளின் பல் எது, எலும்பு எது? ஹப்பைப் பாருங்கள். மூன்று கியர் வண்டிகளில் இங்கிலாந்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப் இருந்தால் அதன் மேலேயே வருஷம் பொறித்திருக்கும். ஃபிரேம் 1966, ஹப் 66 என்றால் சந்தோஷம். ஹப் 74 என்றால் சக்கரம் மாறியிருக்கு. செயின் கார்டு, பெயின்ட் கலர், அந்த வருஷத்து கம்பெனி கேட்டலாக், எல்லாம் சாட்சிகள்.

16/ பேட்ஜில் உள்ள பெயரையும் அப்படியே நம்பாதீங்க. சியர்ஸ் கடை சைக்கிள் தயாரிக்கவில்லை, வேறு கம்பெனிகள் செய்து கொடுத்ததைத் தன் பெயரில் விற்றது. வெஸ்டர்ன் ஃபிளையர், ஹாதார்ன் எல்லாம் அப்படித்தான். யார் செய்தது என்று தெரியாமல் நம்பரைப் பட்டியலில் தேடுவது, யார் ரத்தம் என்று தெரியாத ரிப்போர்ட்டைப் படிப்பது மாதிரி.

17/ சரித்திரமும் சாட்சி. 1942ல் போருக்காக உலோகம் கட்டுப்படுத்தப்பட்டது, சிறுவர் சைக்கிள் தயாரிப்பு நின்றது. பளபளவென்று குரோம் பூசிய "1943 சிறுவர் சைக்கிள்" என்று யாராவது நீட்டினால், நம்பர் என்ன சொன்னாலும் சந்தேகப்படுங்கள். அதேபோல, ஷ்வின் தன் பிளாக் ஃபாண்டமை நூற்றாண்டுக்காக 1995ல் திரும்பச் செய்தது. பழசு போல இருப்பதெல்லாம் பழசு அல்ல.

18/ "பொழுதுபோக்குதானே டாக்டர், யாருக்கு என்ன நஷ்டம்?" என்பீங்க. இப்போ என் துறைக்கு வருகிறேன். நம்பர் பெயின்ட்டுக்கு அடியில் மறைஞ்சிருக்கும். உடனே ஒரு ஆலோசனை வரும்: "உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, தெரியும்." இதை எழுதுபவர் மேல்தான் எனக்கு உச்சகட்டக் கோபம்.

19/ அமெரிக்காவில் பெயின்ட்டில் ஈயத்துக்கு 0.06 சதவீதம் என்ற உச்சவரம்பு வந்தது 1978ல். 2009ல்தான் அது 0.009 ஆகக் குறைந்தது. 1978க்கு முந்தைய சைக்கிள் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்று வைத்துத்தான் நடக்கணும். பெயின்ட் கெட்டியாக இருக்கும் வரை அபாயம் குறைவு. தேய்த்துத் தூளாக்கினால் தரையில், துணியில், கையில் ஒட்டும். தவழும் குழந்தையின் வாய்க்குப் போகும்.

20/ விழுங்கிய ஈயத்தை குழந்தையின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை உறிஞ்சும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குழந்தை ரத்தத்தில் "இவ்வளவு இருந்தால் பரவாயில்லை" என்று ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது. பெரும்பாலும் வெளியே அறிகுறி எதுவும் தெரியாது. கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து. ஒரு வருஷத்தைத் தெரிஞ்சுக்க ஒரு குழந்தையின் மூளையைப் பணயம் வைப்பீங்களா?

21/ அப்போ எப்படிப் படிப்பது? சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அழுக்கைத் துடைங்க. இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடிங்க, பள்ளமான எழுத்து நிழலாகத் தெரியும். மெல்லிய காகிதம் வைத்து பென்சிலால் மெதுவாகத் தேய்ங்க, நாணயத்தைப் படி எடுப்போமே, அதே மாதிரி. கையைக் கழுவுங்க. துணியைக் குழந்தை தொடாத இடத்தில் அப்புறப்படுத்துங்க. அப்படியும் தெரியலைன்னா நம்பர் இல்லாமலே வாழலாம், மற்ற சாட்சிகள் இருக்கு.

22/ ஏற்கெனவே வீட்டுக்குள் தேய்த்துட்டீங்களா? பெருக்காதீங்க, தூசி பறக்கும். ஈரத் துணியால் துடைங்க. வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பாருங்க. பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப் போடாதீங்க.

23/ வாங்குபவர்கள் கேட்க வேண்டியது நான்கு. நம்பர் எங்கே இருக்கு? பேட்ஜில், ஹப்பில் என்ன இருக்கு? எந்தெந்த பாகம் மாறியிருக்கு? திரும்ப பெயின்ட் அடிச்சதா? பதில் இல்லைன்னா சைக்கிளுக்கான விலை கொடுங்க, கதைக்கான விலை கொடுக்காதீங்க.

24/ பதில் சொல்லும் பெரியவர்களுக்கு: "1966 முதல் 1968க்குள் இருக்கலாம், ஹப்பைப் பார்த்தால் இன்னும் சொல்லலாம்" என்று சொன்னால் உங்க மதிப்பு குறையாது. ஒரே நொடியில் ஒரே வருஷம் சொல்வது அறிவு கிடையாது, அவசரம். "உப்புத்தாள் போடு" என்று மட்டும் இனி யாருக்கும் எழுதாதீங்க.

25/ பழைய சைக்கிளை நேசிக்கறீங்க, நல்லது. அதன் வயதை நிதானமாகக் கண்டுபிடிங்க. பழைய ஃபிரேமைத் தேய்க்கக் கிளம்பும் நண்பர் யாராவது இருந்தால், இந்தப் பதிவை அவருக்கு அனுப்பிடுங்க.