பரண்ல தூங்குற பழைய லென்ஸ்... மிரர்லெஸ் கேமராவுக்குப் பொருந்தும். முகூர்த்த நேரத்துக்குப் பொருந்துமா?

உங்க வீட்டுப் பரண்லேயோ, சித்தப்பா நடத்தின ஸ்டூடியோ அலமாரியிலேயோ ஒரு பழைய ஃபிலிம் கேமரா கிடக்குதா? எடைக்குப் போட்டுடாதீங்க. அந்த கேமராவுக்கு இனி பெரிசா வேலை இல்லாம இருக்கலாம். ஆனா, அதோட முன்னாடி மாட்டியிருக்கிற லென்ஸுக்கு இன்னொரு ஆயுள் பாக்கியிருக்கு.

விழுப்புரம், திண்டிவனம் மாதிரி ஊர்ல கல்யாண போட்டோகிராபியில இறங்கணும்னு நினைக்கிறவங்களுக்கு முதல் தலைவலி பணம்தான். ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா பாடி மட்டுமே ஒரு லட்சத்தைச் சுற்றி வந்துடும். அதை இ.எம்.ஐ-ல வாங்கிட்டு, எஃப் 1.4 மாதிரி வெளிச்சம் அதிகம் வாங்குற லென்ஸ் தேடினா, பிராண்டைப் பொறுத்து அரை லட்சத்துல ஆரம்பிச்சு ஒரு லட்சத்தையும் தாண்டும். அப்பதான் யூடியூபில் யாராவது ஒருத்தர், ‘சில ஆயிரத்துக்குப் பழைய லென்ஸ், கூட ஒரு அடாப்டர், அவ்ளோதான்’னு சொல்றது கண்ணுல படும். நம்பலாமா? பாதி நம்பலாம். எந்தப் பாதின்னு தெரிஞ்சுக்கிறதுதான் முக்கியம்.

இப்ப ஏன் இந்த மவுசு?

எல்லாம் ஒரு சின்ன இடைவெளிக் கணக்கு. லென்ஸ் மாட்டுற வளையத்துல இருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரைக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தூரம் வச்சிருக்கு. 1959-ல வந்த நிக்கான் எஃப் மவுன்ட்டுக்கு அது 46.5 மி.மீ. பழைய கேனான் எஃப்.டி லென்ஸுக்கு 42 மி.மீ. பழைய கேமராவுக்குள்ள ஒரு கண்ணாடி மேலே கீழே அசையணும்ல, அதுக்கு இவ்வளவு இடம் தேவைப்பட்டுச்சு.

மிரர்லெஸ்ல அந்தக் கண்ணாடியே கிடையாது. அதனால சோனி இ மவுன்ட்ல தூரம் 18 மி.மீ, நிக்கான் இசட்ல 16 மி.மீ, கேனான் ஆர்.எஃப்-ல 20 மி.மீ. மிச்சமாகுற இடத்தை நிரப்புறதுதான் அடாப்டரோட வேலை. நிக்கான் எஃப் லென்ஸை சோனியில மாட்டணும்னா 46.5-ல 18 போக 28.5 மி.மீ நீளத்துக்கு ஒரு உலோக வளையம் போதும். உள்ளே கண்ணாடியும் இல்லை, சர்க்யூட்டும் இல்லை. அதனாலதான் ரெண்டு, மூணு ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்குது.

‘இதை டி.எஸ்.எல்.ஆர்-லேயே செஞ்சிருக்கலாமே?’ன்னு கேப்பீங்க. கேனான் டி.எஸ்.எல்.ஆர்-ல அந்தத் தூரம் 44 மி.மீ. எஃப்.டி லென்ஸுக்கோ 42தான் வேணும். அடாப்டர் போடுறதுக்கு முன்னாடியே 2 மி.மீ அதிகம். மாட்டினா பக்கத்துல இருக்கிறது தெரியும், தூரத்து மலை கலங்கிடும். கேனான் தன்னோட பழைய லென்ஸையே ஏத்துக்க முடியாம இருந்த இந்தச் சிக்கலை, கண்ணாடி இல்லாத கேமராக்கள் தீர்த்து வச்சுடுச்சு.

2013 அக்டோபர்ல சோனி தன்னோட ஏ7 வரிசையை அறிவிச்சது. 2018-ல நிக்கானும் கேனானும் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்கு வந்தாங்க. இந்த கேமராக்களோட சென்சார் ஃபிலிம் அளவுக்கே, அதாவது 36 x 24 மி.மீ இருக்கிறதால, 50 மி.மீ லென்ஸ் அதே பழைய 50 மி.மீ பார்வையைக் கொடுக்கும். சின்ன ஏ.பி.எஸ்-சி சென்சார்ல மாட்டினா, ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு 75 மி.மீ மாதிரி ஆகிடும்.

செஞ்சியில கைகொடுக்கும்

திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை ரோட்டுல முக்கால் மணி நேரம் போனா செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியல்ல சேர்ந்த 12 மராத்திய ராணுவக் கோட்டைகள்ல, மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கிற ஒரே கோட்டை இதுதான். ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்கு இதைவிடப் பெரிய பின்னணி இந்தப் பக்கம் கிடையாது. ராஜகிரியும் கல்யாண மஹாலும் எங்கேயும் ஓடிப்போகாது. ஜோடியும் ‘ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க’ன்னா நிப்பாங்க. இங்கே மேனுவல் ஃபோகஸ் ஒரு குறையே இல்லை.

அதே மாதிரி விழுப்புரத்துல இருந்து செஞ்சி போற வழியில மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாம எழுப்பினதா மகேந்திரவர்மப் பல்லவன் கல்வெட்டுல சொல்லிக்கிற குடைவரை. உள்ளே வெளிச்சம் கம்மி. எஃப் 4 லென்ஸ் வாங்குறதைவிட எஃப் 2 லென்ஸ் 4 மடங்கு வெளிச்சம் வாங்கும். முகப்புல நிக்கிற துவாரபாலகர்களை ஃபிளாஷ் இல்லாமலே நிதானமா எடுக்கலாம். ஆனா ட்ரைபாட் விரிக்கிறதுக்கு முன்னாடி, தொல்லியல் துறை அனுமதி வேணுமான்னு கேட்டுக்கோங்க.

ஃபோகஸ் பண்ண ரெண்டு வசதி இருக்கு. ‘ஃபோகஸ் பீக்கிங்’ போட்டா, ஷார்ப்பா இருக்கிற ஓரங்கள் சிவப்போ மஞ்சளோ மின்னும். அதை மட்டும் நம்பாதீங்க. எஃப் 1.4-ல அது கொஞ்சம் பொய் சொல்லும். பட்டனை அழுத்திப் பெரிதாக்கி, கண் இமை முடியைப் பார்த்து ஃபோகஸ் பண்றதுதான் உறுதி. இதையே ரெண்டு மாசம் பழகினா வெளிச்சம், தூரம், அப்பர்ச்சர் மூணும் கைக்கு வந்துடும். சினிமா செட்ல ஃபோகஸ் புல்லர்னு தனி ஆள் இன்னிக்கும் இருக்கிறதை நினைச்சுக்கோங்க. இது ஒரு தொழில் திறமை. வீண் போகாது.

முகூர்த்தத்துல கைவிடும்

இப்ப மண்டபத்துக்கு வாங்க. கெட்டிமேளம் முழங்குது. மாப்பிள்ளை குனியுறார், பொண்ணு தலையைத் தாழ்த்துறாங்க, அட்சதை பறக்குது, நாத்தனார் கை குறுக்கே வருது. மூணு முடிச்சும் சில விநாடியில முடிஞ்சுடும்.

50 மி.மீ லென்ஸை எஃப் 1.4-ல வச்சு ஒரு மீட்டர் தூரத்துல எடுத்தா, ஷார்ப்பா விழுற ஆழம் சுமார் 3 செ.மீ. பொண்ணு தலையை லேசா அசைச்சாலே கண் கலங்கி, காது ஷார்ப்பாகிடும். புது லென்ஸ்ல கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஆட்டோ ஃபோகஸ், இந்த உலோக வளையத்துல வராது. போதாததுக்கு, மேடையில எதிரே வீடியோ லைட்டும் எல்.இ.டி ஸ்கிரீனும் இருந்தா பழைய கோட்டிங் தாங்காது. படம் வெளுத்துப்போகும். செஞ்சியில அழகா தெரிஞ்ச அதே ‘ஃபிளேர்’ இங்கே பிழை.

கோட்டையில தப்பினா இன்னொரு தடவை எடுக்கலாம். தாலி கட்டினதை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. சின்ன ஊர்ல உங்களுக்கு அடுத்த ஆர்டர் வர்றதே இந்த ஆல்பத்தைப் பார்த்துதான். நீங்க மிச்சப்படுத்தின பணத்தைவிட அந்தப் பேர் பெருசு.

வாங்குறதுக்கு முன்னாடி...

* மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் அடிச்சு மறுபக்கம் பாருங்க. சிலந்தி வலை மாதிரி கோடு தெரிஞ்சா பூஞ்சை. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு இது சகஜம். பரவி கோட்டிங்கைத் தின்னுருந்தா வேண்டாம்.

* அப்பர்ச்சர் வளையம் இருக்கான்னு பாருங்க. நிக்கானோட ‘ஜி’ வகை லென்ஸ்ல வளையம் கிடையாது. சாதாரண அடாப்டர்ல மாட்டினா மிகச் சின்ன துளையிலேயே நின்னுடும். அதுக்குன்னு தனி வளையம் உள்ள அடாப்டர் இருக்கு.

* ஸ்டூடியோக்கள்ல இருக்கிற நிக்கான் ‘ஏ.எஃப்-டி’ லென்ஸை, நிக்கானோட எஃப்.டி.இசட் அடாப்டர்ல மாட்டினாலும் ஆட்டோ ஃபோகஸ் வராது. அதைச் சுழற்றுற மோட்டார் அடாப்டர்ல இல்லை. மேனுவல்தான்.

* கேமரா மெனுவுல ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ வசதியை ஆன் பண்ணுங்க. நடுக்கம் குறைக்கிற வசதி இருந்தா, லென்ஸோட மி.மீ அளவை நீங்களே பதியணும்.

* காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. தோல் பையில வேண்டவே வேண்டாம்.

அப்போ என்ன முடிவு?

ஒரே ஒரு லென்ஸுக்குத்தான் காசு இருக்கு, கல்யாண ஆர்டர்தான் பொழப்புன்னா, பழைய லென்ஸ் உங்க முதல் லென்ஸா இருக்க வேண்டாம். சோனி, கேனான்ல எஃப் 1.8 ஆட்டோ ஃபோகஸ் 50 மி.மீ லென்ஸ் புதுசாவே 20,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்குது. அதை முதல்ல வாங்குங்க. பழையது ரெண்டாவதா பையில இருக்கட்டும். போர்ட்ரெய்ட், நகை, கோலம், செஞ்சி ஷூட் எல்லாத்துக்கும் அதை எடுங்க. வீட்டுலேயே இருக்கிற லென்ஸ்னா இன்னும் நல்லது. அடாப்டர் காசோட முடிஞ்சது.

‘இல்லை, முகூர்த்தத்துக்கும் இதையேதான் எடுப்பேன்’னு அடம்பிடிக்கிறீங்களா? ஒரு சின்னப் பரீட்சை வைங்க. தம்பியையோ தங்கச்சியையோ உங்களைப் பார்த்து நடந்து வரச் சொல்லி, எஃப் 2-ல 30 படம் எடுங்க. கம்ப்யூட்டர்ல பெரிதாக்கி, கண் ஷார்ப்பா இருக்கிறதை மட்டும் எண்ணுங்க. 25-க்குக் கீழே வந்தா, அந்த லென்ஸை மண்டபத்துக்குக் கொண்டு போகாதீங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குக் கொண்டு போங்க.