இரண்டு கோடுகளும் கோட்டை விட்ட நானும்

போன வாரம் கோல் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது, சமீபத்தில் ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டு மாமா செல்போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். "கோடு கோட்டை வெட்டிடுத்து, பார்த்தேளா? பி.எஃப். பணத்தை மொத்தமா உள்ளே போட்டுடலாமா?"

மூவிங் ஆவரேஜ் விவகாரம். கடைசி 50 நாள் முடிவு விலைகளைக் கூட்டி 50-ஆல் வகுக்க வேண்டும். தினமும் புது விலை ஒன்று உள்ளே, பழைய விலை ஒன்று வெளியே. 200 நாளுக்கும் அதே கணக்கு. 50 நாள் கோடு 200 நாள் கோட்டை மேல்நோக்கி வெட்டினால் ஏறுமுகம், கீழ்நோக்கி வெட்டினால் இறங்குமுகம் என்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், சராசரி என்பது நடந்து முடிந்த விலை. 2023 ஆகஸ்ட் ஆரம்பத்தில் தில்லியில் தக்காளி கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்றது. மாதக் கடைசிக்குள் விலை மளமளவென்று இறங்கிவிட்டது. முப்பது நாள் சராசரி போட்டிருந்தால் அது அப்போதும் உச்சாணிக் கொம்பில்தான் இருந்திருக்கும்.

இந்தக் கோடு ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல மாட்டேன். 2008 மார்ச்சிலேயே சென்செக்ஸ் 200 நாள் சராசரிக்குக் கீழே, 16,000-ஐ ஒட்டி இருந்தது. அப்போது வெளியேறியவர் அக்டோபரில் 9,000-க்குக் கீழே போனதைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார். மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும் சந்தையில் கோடு எச்சரிக்கும்.

ஆனால் 2020? மார்ச் 23 அன்று 50 நாள் கோடு கீழே வெட்டியிருந்தது. பதறிப்போய், மகள் படிப்புக்குச் சேர்த்த இன்டெக்ஸ் ஃபண்டை விற்றேன். அன்று நிஃப்டி முடிந்தது 7,610-இல். கோடு திரும்ப மேலே வெட்டியது ஆகஸ்ட் பின்பாதியில். அதற்குள் நிஃப்டி 11,300-ஐத் தாண்டிவிட்டது. அடிமட்டத்தில் விற்று, ஏறியபின் வாங்கிய புத்திசாலி அடியேன்தான்! சட்டென்று விழுந்து சட்டென்று எழும் சந்தையில் கோடு இரண்டு முறையும் தாமதமாகவே வந்து சேர்கிறது.

மாதச் சம்பளத்தில் வெளியூரில் குடும்பம் நடத்துகிற நமக்கு, கோடு சந்தை நிலவரத்தைப் புரிந்துகொள்ள மட்டும் போதும். வீட்டுச் செலவுக்கும் வைத்தியத்துக்கும் வேண்டிய பணத்தை அதை நம்பி நகர்த்தக் கூடாது என்பது என் கட்சி. மாமாவிடமும் அதையே சொன்னேன்: முதலில் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டம், மிச்சம் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தை.

மாமா முகம் சுருங்கிவிட்டது. மாமிதான், "அதைத்தானே நானும் சொல்லிண்டிருக்கேன்" என்றார்.