உழைப்பவர்க்கும் வேண்டும் ஒரு வகுப்பு

1955ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆவடியில், தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயமே நம் தேசத்தின் இலட்சியம் என்று நிறைவேற்றிய தீர்மானம், சுதந்திர இந்தியாவின் சரித்திரத்தை எழுதப் புகும் எவரும் ஒதுக்கிச் செல்ல இயலாத ஒன்றாகும். அடுத்த பத்தாண்டுகளுக்குள் அதே ஊரில் அரசாங்கத்தின் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. அங்கிருந்து சில மைல் கிழக்கே அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றியது. அந்த டாங்கித் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர், அத்தீர்மானத்தின் வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை இயற்றியவர்கள் கருதியது யாது, 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டுத் தம் ஆலை அரசுக்குச் சொந்தமான ஒரு கம்பெனியின் அங்கமாக மாறியபோது அக்கருத்தில் எஞ்சியது யாது என்று, தம்மைப் போன்ற பத்துப் பதினைந்து பேரோடும் விஷயமறிந்த ஓர் ஆசிரியரோடும் அமர்ந்து வாரந்தோறும் ஆராய விரும்பினால், அவர் எங்கே செல்வார்?

தொடர்கல்வி என்ற சொல் சென்னையின் மேற்கே உள்ள நம் புறநகரங்களில் காதில் விழாமல் இல்லை. ஆனால் அது கணினிப் பயிற்சியையும், சி.என்.சி. இயந்திரப் பயிற்சியையும், அஞ்சல்வழிப் பட்டத்தையும், போட்டித் தேர்வுக்கான தயாரிப்பையுமே குறித்து நிற்கிறது. அவை ஜீவனத்துக்கு அவசியமானவை. அவற்றைக் குறைத்துப் பேசுவது தொழிற்பேட்டையில் வேலை தேடும் இளைஞனுக்கு இழைக்கும் அநீதியாகும். எனினும், சரித்திரமும் இலக்கியமும் தத்துவமும் கல்லூரியோடு முடிந்துவிடும் பாடங்கள் என்றும், அக்கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாதவர்க்கு அவை வேண்டுவதே இல்லை என்றும் நாம் பேசாமலே முடிவு கட்டியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

பட்டிமன்றமும் இலக்கியச் சொற்பொழிவும் உபந்நியாசமும் போதாவோ என்று சிலர் வினவலாம். அவற்றின் பெருமையை மறுப்பதற்கில்லை. எழுத்தறியாத பாட்டிமார் இராமகாதையையும் பாரதத்தையும் நுணுக்கமாக அறிந்திருந்தது அவற்றின் பயனே. ஆனால் மேடையில் பேசுபவர் ஒருவர், கேட்பவர் பலர். கேட்டவர் எழுந்து தம் ஐயத்தைச் சொல்லவோ, மறு வாரம் தம் மறுப்பை எழுதிக்கொண்டு வரவோ அங்கே ஏற்பாடு இல்லை. நான் விரும்புவது, நூலை முன்கூட்டியே வாசித்து வந்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆசிரியரோடு வாதித்து, சில பக்கங்களேனும் எழுதிப் பழகுகிற வகுப்பு.

இதற்கு முன்மாதிரி தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆவடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் அதே மின்சார ரயில் பாதையில் உள்ள பெரம்பூர்ப் பகுதியில், பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையில் சமயப் பிரசங்கங்களைக் கேட்கக் கூடினார்கள். செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அதை நடத்தி வந்தனர். பக்தி கேட்க வந்தவர்கள் நாளடைவில் தங்கள் வேலை நேரத்தையும் கூலியையும் பட்ட அவமானங்களையும் பற்றிப் பேசத் தலைப்பட்டனர். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அச்சங்கத்துக்குத் தொண்டாற்றிய திரு.வி.க. அதற்கு முன்பு பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். பெரியபுராணத்துக்கு உரை கண்ட அதே மனிதர் ஆலைத் தொழிலாளரிடையே நின்று பேசியதில் அக்காலத்தவர் முரண்பாடு எதையும் காணவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் தொழிலாளர் கல்விச் சங்கம் இதையே முறைப்படுத்தியது. 1908இல் ஆர்.எச். டானி என்னும் இளம் ஆசிரியர், லாங்டன் என்ற குயவர் ஊரிலும் ராச்டேல் என்ற நெசவாலை நகரிலும் வகுப்பெடுத்தார். ஆண்டுக்கு இருபத்துநான்கு அமர்வுகள். ஒரு மணி நேரம் உரை, ஒரு மணி நேரம் விவாதம். இரு வாரத்துக்கு ஒரு கட்டுரை. இவ்வாறு மூன்று ஆண்டுகள். பகல் முழுதும் சூளையிலும் தறியிலும் நின்றவர்கள் இரவில் பொருளாதாரச் சரித்திரம் எழுதினார்கள். பின்னாளில் பெரும் சரித்திராசிரியராகப் புகழெய்திய டானி, 1912இல் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையில், அவர்களுடைய வாதங்களால் தாம் கற்றதை நன்றியோடு பதிவு செய்தார். தானியத்தின் விலையைப் பற்றி ஆசிரியர் ஏட்டில் கண்டதை, கூலிக்கு வாழ்ந்தவன் வயிற்றால் அறிந்திருந்தான். முதிர்ந்தோர்க்குரிய வகுப்பின் தனிச்சிறப்பு இதில்தான் இருக்கிறது. இருபது வயது மாணவனுக்குப் பாடமாக மட்டும் உள்ள பல விஷயங்கள் ஐம்பது வயதினர்க்கு அநுபவமாக உள்ளன.

பாடத்துக்கு இங்கே பஞ்சமில்லை. பூவிருந்தவல்லியில் திருக்கச்சி நம்பிகள் தோன்றினார். வைசிய குலத்தவரான அவரை ஆசாரியராக மதித்து, அவர் உண்ட சேஷத்தை உண்ண இராமாநுஜர் விரும்பியதும், அதனால் இல்லத்தில் விளைந்த பிணக்கும் குருபரம்பரைக் கதைகளில் விரிவாகப் பேசப்படுகின்றன. பக்திக்கும் ஜாதிக்கும் உள்ள உறவை ஆராய இதனினும் சிறந்த வாசல் ஏது? அந்தப் பிணக்கில் இராமாநுஜரின் மனைவி பக்கம் நின்று பேச ஒரு பெண் அந்த வகுப்பில் அமர்ந்திருப்பாளாயின், விவாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை எண்ணிப் பாருங்கள். திருமுல்லைவாயிலில் சுந்தரர் தேவாரம் பெற்ற மாசிலாமணீசுவரர் ஆலயம் இருக்கிறது. அதன் எருக்கந்தூண்களைப் பற்றிய கதையில் தொண்டைமான் மன்னனின் போர் எவ்வளவு, புராணம் எவ்வளவு என்று பிரித்தறிவது ஒரு மாத வேலையாகும்.

பொருளுக்கு எங்கே போவது என்பார்க்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின் பயனாக, நாம் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். கிளை நூலகங்களில் கூடம் இருக்கிறது, மேசை இருக்கிறது. பட்டாபிராமில், ரயில் நிலையத்துக்கே தன் பெயரை ஈந்த இந்துக் கல்லூரி இருக்கிறது. அதுபோன்ற கல்லூரிகளிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், ஆய்வுப் பட்டம் பெற்றுத் தக்க உத்தியோகம் கிடைக்காதவர்களும் இவ்வூர்களில் பலர் வாழ்கின்றனர். அவர்களுக்குக் கௌரவமான ஊதியம் தர வேண்டும். கற்பிப்பதை இலவசத் தொண்டாகக் கருதும் வழக்கமே பல நன்முயற்சிகளை இரண்டாம் மாதத்தில் வீழ்த்தியிருக்கிறது.

ஷிஃப்ட் முடிந்து களைத்து வருபவன் கண்ணயர்வானே என்பது நியாயமான கவலை. ஆதலால் ஷிஃப்ட் மாறும் வாரங்களை அநுசரித்து ஒரே பாடத்தைக் காலையிலும் மாலையிலும் இருமுறை நடத்த வேண்டும். ஞாயிறு பிற்பகலில் பெண்கள் குழந்தைகளோடு வந்தமரத் தோதான இடம் வேண்டும். பரீட்சையும் சான்றிதழும் வேண்டியதில்லை. எழுதியதை வாசித்துத் திருத்தித் தர ஆசிரியருக்கு அவகாசம் மட்டும் தரப்பட வேண்டும். மாவட்ட நூலக ஆணைக்குழுவும் ஆவடி மாநகராட்சியும் கலந்து பேசி, முதல் ஆண்டுக்கு ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய மூன்று இடங்களில் தலா ஒரு வகுப்பைத் தொடங்கட்டும். ஆவடி வகுப்பின் முதல் பாடமாக 1955ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் தமிழாக்கத்தை அச்சிட்டு, ஒரு வாரம் முன்னதாகவே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட வேண்டும்.