மூன்றில் ஒரு பங்கு நம்முடையது



முதலில் ஒரு மனக்கணக்கு. பூங்காவுக்கு நடைபாதையும் நான்கு பெஞ்சும் போட 3 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். நாம் 1 லட்சம் கட்டினால் மீதி 2 லட்சத்தை அரசு போடும். நூறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு எவ்வளவு? ஆயிரம் ரூபாய்தான்.

இதுதான் ‘நமக்கு நாமே’ திட்டம். 1997-98இல் கலைஞர் ஆட்சியில் தொடங்கியது. 2011-12இல் ‘தன்னிறைவுத் திட்டம்’ ஆனது. 2021-22இல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. பெயர் எதுவானாலும், பொதுவாக மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. பள்ளிக் கட்டடம், நூலகம், பூங்கா, விளையாட்டுத் திடல் என்று பல வேலைகளை இதில் எடுக்கலாம். மங்கலம்பேட்டை மாதிரிப் பேரூராட்சிகளுக்கும் இது உண்டு.

“வரியும் கட்டிவிட்டு இதற்கும் நாங்களே கொடுக்கணுமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குடிநீருக்கும் சாக்கடைக்கும் மக்களிடம் உண்டியல் ஏந்தக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் குடிநீர், தெருவிளக்கு, குப்பை எல்லாம் போக, சின்ன ஊரில் பூங்காவுக்கு எப்போதும் கடைசி பெஞ்சுதான். சர்க்கரைக்கு நடக்கச் சொல்கிறார் டாக்டர். நம் வீட்டுப் பெண்கள் எங்கே நடப்பது? விருத்தாசலம் – உளுந்தூர்பேட்டை ரோட்டோரம், லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கியா? இன்னொன்று, கைக்காசு போட்டவன் ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் சும்மா இருக்க மாட்டான், போய்க் கேட்பான்.

ஆனாலும் எனக்கு இரண்டு கவலை உண்டு.

ஒன்று, பணம் திரட்ட முடிந்த தெருவுக்குப் பூங்கா வரும்; கூலிவேலைக்குப் போகிறவர்கள் தெரு அப்படியே கிடக்கும். அதனால் உழைப்பையும் பங்காகக் கணக்கில் எடுக்க வேண்டும். இது புதிதல்ல. 2017இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் விவசாயிகளின் 10 சதவீதப் பங்கை உழைப்பாகவும் தர இடம் இருந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1988இல் தொடங்கிய இதே மாதிரியான நிதியிலும் தன்னார்வலர் வேலை செய்த நேரத்தைப் பணமாக மதிப்பிடுகிறார்கள். ஏரிக்குச் செய்ததைப் பூங்காவுக்கும் செய்யலாமே?

இரண்டு, பராமரிப்பு. ரிப்பன் வெட்ட ஆள் வரும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வராது. கட்டுவதற்கு மட்டும் கொடுக்காமல், பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர்ச் சங்கத்துக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை இதே கணக்கில் அரசு தரவேண்டும். முப்பதாயிரம், ஐம்பதாயிரம் போதும். சின்னத் தொகை என்பதால் விதிகளும் சின்னதாக இருக்கட்டும். வரவு செலவை மட்டும் பூங்கா வாசலில் எழுதி வைக்கச் சொல்லலாம்.

அரசு மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகள் ஆளுக்கு ஆயிரம் போடுங்கள். ஊரில் இருப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிறு கொடுங்கள். பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து செயல் அலுவலரைப் பார்த்து மனு கொடுப்போம். கல்வெட்டில் பெயர் மட்டும் கேட்காதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு வேப்பங்கன்றும் கூண்டும் வாங்கலாம்.

யார் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். வருகைப் பதிவேடு திறந்தாயிற்று.

வாழ்க வளமுடன்.