காவிரி வந்துவிட்டது, கடைசி இருபது அடி?

குளிரே தெரியாத ஊரில் குழாய் உறைந்து வெடிக்குமா என்று கேட்டால் நம் ராமநாதபுரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அதுதான் நடந்தது. வெயில் ஊர் என்பதால் அங்கே பல வீடுகளில் குழாயைக் கூரைக்கடியிலும் வெளிச்சுவரிலும் மூடாமலே கொண்டு போயிருந்தார்கள். சில நாள் கடுங்குளிரில் தண்ணீர் உறைந்தது. உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், குழாய்கள் பிளந்தன. மின்சாரம் போய், அழுத்தம் குறைந்து, ஒரு கோடிக்கும் அதிகமானோருக்குக் குடிநீர் தடைப்பட்டது. அழுத்தம் இல்லாத குழாய்க்குள் அழுக்கு புகுந்துவிடும் என்பதால் வந்த தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடிக்கச் சொன்னார்கள்.

நம் மாநிலத்தில் உறைபனிக் கவலை நீலகிரிக்காரர்களுக்கு உண்டு. ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரையில் குழாய்க்கு எதிரி வேறு: வெயிலும் உப்பும். ஆனால் விளைவு ஒன்றுதான். குழாய் வெடிக்கும், அழுத்தம் போகும், சாக்கடை நீர் உள்ளே புகும். டெக்சாஸில் அது சில நாள் கதை. நமக்கு ஆண்டு முழுக்க நடக்கிறது. அதனால்தான் யாரும் அதைப் பேரிடர் என்று சொல்வதில்லை.

திருச்சிப் பக்கத்துக் காவிரிப் படுகையிலிருந்து நம் மாவட்டத்துக்குக் குடிநீர் கொண்டுவர 616 கோடி ரூபாயில் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள். 2009 முதல் தண்ணீர் வருகிறது. நூறு மைலுக்கு அப்பாலிருந்து வரும் தண்ணீர் அது. பிறகு 2019-ல் ஜல் ஜீவன் திட்டம் வந்து, வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்தார்கள். இணைப்புகளை எண்ணினோம். தெருக்குழாயிலிருந்து வாசல் வரை வரும் கடைசி இருபது அடிக் குழாய் எப்படிக் கிடக்கிறது என்று யார் பார்த்தோம்?

பல ஊர்களில் அது மண்மேல்தான் கிடக்கிறது. வண்டி ஏறுகிறது, ஆடு மிதிக்கிறது. சித்திரை வெயிலில் பி.வி.சி. குழாயைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். இந்தக் குழாயின் தாங்கு திறனைக் கணக்கிடுவது 27 டிகிரி வெப்பத்துக்கு. அதற்கு மேல் சூடு ஏற ஏறத் தாங்கும் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். வெயிலின் புறஊதாக் கதிர் மேல்தோலை அரித்து, சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பூக்க வைக்கும். அந்த நிலைக்கு வந்த குழாயில் மண்வெட்டியின் காம்பு பட்டால்கூடப் போதும், விரிசல்தான்.

அது மட்டுமல்ல. பி.வி.சி. சூட்டில் நீளும். இரவுக்கும் நடுப்பகலுக்கும் குழாயில் 30 டிகிரி வித்தியாசம் இருந்தால் 10 மீட்டர் குழாய் சுமார் 2 சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். இரண்டு பக்கமும் சுவரில் இறுக்கி கிளாம்ப் அடித்துவிட்டால் அந்த இழுப்பு முழுவதும் எல்போவில் விழும். கசிவு எப்போதும் எல்போவிலும் டீயிலும்தானே வருகிறது? பிளம்பரைத் திட்டிவிட்டு மறுபடி பசை தடவுகிறோம். கிளாம்பைச் சற்றுத் தளர்வாக விட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

இரும்புக் குழாய் போட்டால் என்ன என்று பெரியவர்கள் கேட்பார்கள். உள்நாட்டில் போடலாம். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் யோசித்துத்தான் போட வேண்டும். ஜி.ஐ. குழாயைக் காப்பது மேலே உள்ள துத்தநாகப் பூச்சு. மரை வெட்டும் இடத்தில் அந்தப் பூச்சு போய்விடும். உப்புக்காற்று அங்கேதான் முதலில் பிடிக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் இதே காற்றுக்குப் பயந்துதான் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தினார்கள். பாலத்துக்குக் காட்டிய கவனத்தில் நூற்றில் ஒரு பங்கை, அதே காற்றில் நிற்கும் குடிநீர்க் குழாய்க்குக் காட்டக் கூடாதா?

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. குழாயைப் புதையுங்கள். ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழம் போதும். டிராக்டர் போகும் இடத்தில் மூன்று அடி. முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசலில் அப்படியே புதைத்து மூடிவிடக் கூடாது. கரிசல் கோடையில் வெடித்துப் பிளக்கும், மழையில் ஊதும். குழாயை அதுவே இழுத்து முறிக்கும். குழாய்க்கு அடியிலும் மேலிலும் நாலைந்து அங்குலம் மணல் போட்டு, அதன்மேல் கரிசலைத் தள்ளுங்கள். பள்ளத்தில் குழாயைக் கயிறு போல நேராக இழுக்காமல் லேசாக வளைத்து விடுங்கள். ஒட்டுவதையும் மூடுவதையும் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் நீண்டு கிடக்கும் குழாயை ஒட்டி மூடினால், ராத்திரி சுருங்கும்போது இணைப்பு கழன்று வரும்.

புதைக்க முடியாத இடத்தில், அதாவது சுவரோரத்திலும் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் இடத்திலும், தண்ணீர் கலந்து அடிக்கும் வெள்ளை எமல்ஷன் பெயிண்டை இரண்டு கை அடியுங்கள். தின்னர் கலந்த பெயிண்ட் வேண்டாம், அது பி.வி.சி.யைக் கெடுக்கும். தோட்டத்தில் மேலே கிடக்க வேண்டிய குழாய் என்றால் கறுப்பு எச்.டி.பி.இ. வாங்குங்கள்; அதில் கலந்துள்ள 2 முதல் 3 சதவீதக் கரித்தூள் வெயிலைத் தாங்கும். கையில் காசு இல்லையா, நம்மூரில் பனை ஓலைக்கும் மட்டைக்குமா பஞ்சம்? குழாய்மேல் போட்டு மூடுங்கள். வெயிலில் கிடந்த குழாயில் மதியம் முதலில் வரும் தண்ணீர் வெந்நீர்தான். மாடு வாய் வைக்காது, அதைக் கீரைப் பாத்தியிலும் விடாதீர்கள். ஓலை போட்டால் அந்தத் தொல்லையும் குறையும்.

ஒழுகல் சின்னது என்று விடுகிறோம். நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும் குழாயில் நிமிடத்துக்கு ஒரு டம்ளர், 200 மில்லி, ஒழுகினால் ஒரு நாளைக்கு 288 லிட்டர். அரசின் 55 லிட்டர் கணக்கில் அது ஐந்து பேரின் பங்கு. கடைசித் தெருவில் குடத்தோடு நிற்கும் குடும்பத்தின் தண்ணீர் அது.

இதைவிடக் கவலையானது குழாய்க்குழி. அழுத்தம் போதாமல் வாசலில் மூன்று நான்கு அடி தோண்டி, குழாயைத் தாழ்த்தி, குழிக்குள் இறங்கித் தண்ணீர் பிடிப்பது நம் மாவட்டத்தில் சாதாரணமாகிவிட்டது. பிடிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மழை பெய்தால் குழி நிறையும், பாத்திரம் கழுவிய நீரும் அதில் சேரும். தண்ணீர் நின்றதும் தெருக்குழாய் காலியாகி உள்ளே உறிஞ்சும். குழியில் மூழ்கியிருக்கும் குழாய் வாய் வழியாக அந்த அழுக்கு ஊர்க் குழாய்க்குள் போகும். மறுநாள் முதல் குடத்தில் அது யார் வீட்டுக்கு வருமோ! யாராவது நேரடியாக மோட்டார் வைத்து இழுத்தால் உறிஞ்சல் இன்னும் கூடும். குழிக்காரர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. மேட்டுத் தெருவில் நாலு இடத்தில் ஒழுகினால் பள்ளத் தெருவுக்கு அழுத்தம் எங்கிருந்து வரும்? ஒழுகலை அடைத்தால்தான் குழியை மூடச் சொல்ல நமக்கு வாய் இருக்கும். அதுவரை இணைப்பில் ஒரு என்.ஆர்.வி. வால்வாவது போடுங்கள், தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும். குழாய் வாயை மூடி வையுங்கள்.

வேளாண் அலுவலர்களுக்கும் கள உதவியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. குடிநீர் வேறு துறை என்று ஒதுங்க வேண்டாம். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மானியக் குழாய் தரும்போது எப்படிப் புதைக்க வேண்டும், எங்கே வெயில் படக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லித் தருகிறீர்கள்? முண்டு மிளகாய்த் தோட்டத்தில் குழாயைக் காக்கத் தெரிந்த விவசாயி வாசல் குழாயையும் காப்பார். அந்தப் பயிற்சிக்கு டேங்க் ஆபரேட்டரையும் ஊர் பிளம்பரையும் கூப்பிடுங்கள். ஊராட்சிகள் புதிய இணைப்புக்குப் பணம் கொடுக்கும்முன் பள்ளத்தை மூடாமல் வைக்கச் சொல்லி, ஆழத்தை அளந்து பார்க்கட்டும். மூடிய பிறகு அளப்பதற்கு ஒன்றும் இருக்காது.

வேலைக்கு நல்ல காலம் தை, மாசி. மழை ஈரம் முழுதும் காயாததால் கரிசல் வெட்ட வரும், வெயிலும் ஏறியிருக்காது. பங்குனி பிறந்துவிட்டால் கடப்பாரைதான் தேய்ந்து போகும்.