இரும்பை இரும்பாகவே காண்போம்

மாறாத உறுதிக்கு உவமை கூறப் புகுவோர் இரும்பையே எடுத்துரைத்தல் வழக்கம். அவ்விரும்பும் நிலத்தின் ஆழத்தே தன் உள்ளியல்பு மாறுகின்றதெனின், வியவாதார் யாவர்? அவ்வியப்பை நாம் எங்ஙனம் பயன்படுத்துகின்றோம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஏறக்குறைய 660 கிலோமீட்டர் ஆழம் முதல் 2,890 கிலோமீட்டர் வரை பரந்து கிடப்பது கீழ் மாண்டில் என்னும் பாறைப்பகுதி. ஆண்டுள்ள கனிமங்களுள் ஒன்று பெர்ரோபெரிக்ளேஸ். மக்னீசியமும் இரும்பும் ஆக்சிஜனோடு கூடியது. அதன்கண் உள்ள ஒவ்வோர் இரும்பணுவிலும் இம்மாற்றத்திற்குரிய எலக்ட்ரான்கள் ஆறு. மேனிலத்தில் அவற்றுள் நான்கு துணையின்றித் தனித்து நிற்கும். அழுத்தம் வளிமண்டலத்தினும் சுமார் ஆறு லட்சம் மடங்காகுங்கால் அவ்வாறும் மூன்று இணைகளாகின்றன. அணு சுருங்குகின்றது, கனிமத்தின் அடர்த்தி மிகுகின்றது.

ஆழத்துக் கனிமங்களில் எலக்ட்ரான்கள் இங்ஙனம் இணையக்கூடுமென 1960-ஆம் ஆண்டிலேயே பைஃப் என்னும் அறிஞர் எழுதினார். 2003-இல் பத்ரோவும் அவர்தம் துணைவரும் அக்கனிமத்தை இரு வைரமுனைகளுக்கிடையே நெருக்கி, எக்ஸ் கதிர்களால் ஆய்ந்து, இம்மாற்றத்தைக் கண்டனர். இடையே கழிந்தவை நாற்பத்து மூன்று ஆண்டுகள்!

இதனைக் கேட்டவுடன், ‘துன்பத்தின் நெருக்கத்தில் தனித்தோர் ஒன்றுபடுவர்’ என ஒரு பிரசங்கம் இயற்ற நம்மனோர் விரைவர். உவமையணியிற் பழகிய தமிழ் மாணவனாகிய யானும் அங்ஙனம் விரைந்தவனே. ஆயின் உண்மை அத்துணை எளிதன்று. ஆழத்தின் பெருவெப்பத்தால் இம்மாற்றம் ஓர் எல்லைக்கோட்டில் நிகழாது. பலநூறு கிலோமீட்டர் அளவும் இருநிலை அணுக்களும் விரவியே நிற்கும். அங்கு மிகுதியாயுள்ள பிரிட்ஜ்மனைட் என்னும் கனிமத்திலோ, இரும்பின் நடத்தை வேறு. அதுபற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. நம் பிரசங்கம் இவற்றையெல்லாம் மறைத்தாலன்றி நில்லாது.

‘ஆண்டவரும் உவமைகளால் போதித்தாரன்றோ?’ எனின், ஆம். ஆயின் அவர் எடுத்தவை விதையும் புளித்தமாவும் விளக்கும். கேட்டவர் நாடோறும் கையாண்ட பொருள்கள். பிழையாகக் கூறின் அவர்களே திருத்தியிருப்பர். நாமோ, கேட்போர் அறியாத பொருளை நம் கருத்துக்கேற்ப வளைத்துக் கூறுகின்றோம். பின்னர் உண்மை அறியும் இளைஞன், அறிவியலையன்று, நம் போதனையையே ஐயுறுவான்.

ஆதலின், முதற்கண் பொருளை உள்ளவாறு கற்போம். உவமை பின்னர் வருக, வாராதொழிக. படைத்தவர் செயலைத் திரித்துக் கூறுதல் அவர்க்குப் புகழ்ச்சியாகாது.